இறால் பண்ணைக்குத் திறந்த கதவு

#1 · படுவான்கரையான்

நாட்டின் இறைமை, உலக ஆளுகை என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வழக்குத்தான் ஞாபகத்துக்கு வரும். அதை இங்கே வைத்துவிட்டு உங்கள் எல்லோரின் கருத்தையும் கேட்க ஆசை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்போம், சூரியன் படுகிற கரை. என் அம்மாவின் ஊர் அந்தப் பக்கம்தான். மண்முனைப் பாலம் வருவதற்கு முன்னர் பாதையில் ஏறி வாவியைக் கடப்போம். (பாதை என்றால் இந்தியாவில் இருப்பவர்கள் வழி என்று நினைக்க வேண்டாம். வாகனத்தையும் ஆக்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான மிதவை.) அந்தக் கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில், மகிழடித்தீவில் 1980களில் ஓர் இறால் பண்ணை இருந்தது. செரண்டிப் சீஃபூட்ஸ் என்பது கொம்பனியின் பெயர். அதன் பங்குகளில் 48 வீதத்துக்குச் சற்று மேல், ஹொங்கொங்கில் பதிவான ஏசியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் என்ற இன்னொரு கொம்பனியின் கையில் இருந்தது.

1987 ஜனவரி 28 அன்று, அந்தப் பகுதியில் பொலிஸின் விசேட அதிரடிப்படை நடவடிக்கை நடந்தபோது பண்ணை அழிந்தது. அங்கே வேலை செய்தவர்களில் இருபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சுற்றியிருந்த ஊர்களிலும் சாவு. படுவான்கரையில் இன்றைக்கும் அதை இறால் பண்ணைப் படுகொலை என்றுதான் சொல்வார்கள்.

ஹொங்கொங் கொம்பனி முதலில் இலங்கை அரசிடம் இழப்பீடு கேட்டது. கிடைக்கவில்லை. மூன்று மாத அவகாசம் முடிந்ததும், அதே வருடம் ஜூலையில், வொஷிங்டனில் உலக வங்கியின் கீழ் இருக்கிற முதலீட்டுத் தகராறு மையத்துக்குப் போனது. பிரித்தானியாவும் இலங்கையும் 1980இல் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஹொங்கொங்குக்கும் நீட்டப்பட்டிருந்தது; அந்தக் காகிதம்தான் அவர்களின் ஆயுதம். கொம்பனிக்கும் அரசுக்கும் இடையில் தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கையை மட்டுமே பிடித்துக்கொண்டு அந்த மையத்தில் நடந்த முதல் வழக்கு இது. உலகம் முழுவதும் சட்ட மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள். படுவான்கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1990 ஜூனில் தீர்ப்பு வந்தது. பண்ணையை யார் அழித்தார்கள் என்பதைச் சான்றுகளைக் கொண்டு திட்டமாகச் சொல்ல முடியாது என்றே நடுவர்கள் முடிவுசெய்தார்கள். ஆனாலும் மூவரில் இருவர் இலங்கை அரசைப் பொறுப்பாக்கினார்கள். அவர்கள் சொன்ன நியாயத்தைக் கவனியுங்கள். பண்ணையில் சந்தேகத்துக்குரிய ஆக்கள் வேலை செய்வதாக அரசு நினைத்திருந்தால், நிர்வாகத்திடம் சொல்லி அவர்களை அமைதியாக வெளியே அனுப்பச் செய்திருக்கலாம். அந்த வழி திறந்திருந்தது. அதை முயன்று பார்க்காமல் படை நடவடிக்கைக்குப் போனது, அரசு காட்டவேண்டிய கவனத்தைக் காட்டாமல் விட்டது. கொம்பனி கேட்டது 8 மில்லியன் டொலருக்கு மேல். கிடைத்தது 460,000 டொலரும் வட்டியும்.

அந்தப் பகுதியை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பேசித் தீர்த்திருக்கலாமே, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்ற கேள்வி, செத்துப்போனவர்களின் தாய்மார் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. அதை அவர்களுக்காக யாரும் வொஷிங்டனில் கேட்கவில்லை. அழிந்த குளங்களுக்கும் செத்த இறாலுக்கும் விலை போடுவதற்காகத்தான் அது கேட்கப்பட்டது. கொம்பனி இழப்பீடு வாங்கியதை நான் குறை சொல்லவில்லை. ஒரே நாள், ஒரே பண்ணை, ஒரே அரசு. பங்கு வைத்திருந்தவருக்கு உலக நடுவர் மன்றத்தின் கதவு திறந்தது, அங்கே கூலிக்கு இறங்கி நின்றவருக்குத் திறக்கவில்லை. இறைமை போய்விட்டது என்பவர்களிடமும் போகவில்லை என்பவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: யாருக்கு முன்னால் போனது, யாருக்கு முன்னால் போகாமல் நிற்கிறது?

#2 · தெற்குவாசல்

அண்ணே, இதுவரைக்கும் இந்த வழக்கைக் கேள்விப்பட்டதே இல்லை. படித்ததும் மனசு கனத்துப்போச்சு.

ஒரு அடிப்படைச் சந்தேகம். நாடும் நாடும் ஹேக் நகரத்து நீதிமன்றத்தில் மோதிக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். ஒரு கம்பெனி நேரடியாக ஒரு நாட்டின் மேல் எப்படிக் கேஸ் போட முடியும்? அப்புறம், நீங்கள் இறைமை என்பதும் நாங்கள் இறையாண்மை என்பதும் ஒன்றுதானே?

#3 · வழக்காடி

ஒன்றுதான். சொல் கடல் தாண்டும்போது ஒரு அசை குறைந்திருக்கிறது.

தெற்குவாசல் கேட்டதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு காலத்தில் வெளிநாட்டு முதலாளியின் பணம் மாட்டிக்கொண்டால் அவருடைய நாடு போர்க்கப்பலை அனுப்பும். 1902இல் வெனிசுவேலா கடனைத் திருப்பவில்லை என்று பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் அதன் துறைமுகங்களை மறித்தன. அந்த முறைக்கு மாற்றாகத்தான் உடன்படிக்கைகள் வந்தன. 1959இல் ஜெர்மனியும் பாகிஸ்தானும் போட்டது முதல் இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம். 1966இல் உலக வங்கியின் மையம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா இன்று வரைக்கும் அதில் உறுப்பினர் இல்லை. ஆனால் வேறு விதிகளின்படி நடக்கும் தீர்ப்பாயங்களில் இந்தியா மீதும் வழக்கு வரும், வந்திருக்கிறது.

ஒப்பந்தத்தில் ஒரு நாடு, "உன் முதலீட்டாளருக்கு என்னால் நஷ்டம் வந்தால் அவர் நேரடியாக என்னை நடுவர் முன் நிறுத்தலாம்" என்று முன்கூட்டியே சம்மதம் கொடுத்துவிடுகிறது. யார் என்று தெரியாத ஒருவருக்கு, எந்தத் தகராறு என்று தெரியாமலே கொடுக்கிற சம்மதம். இருதரப்பும் ஆளுக்கொரு நடுவரை நியமிக்கும், மூன்றாமவர் தலைவர். வழக்கமான மேல்முறையீடு கிடையாது.

படுவான்கரையான் சொன்னதில் ஒரு விஷயத்தைச் சேர்க்க வேண்டும். அந்தச் செரண்டிப் கம்பெனியில் மீதிப் பங்குகளை வைத்திருந்தவர்களும் இந்த வழியில் போக முடியாது. ஒப்பந்தம் பாதுகாப்பது மறுநாட்டவரின் முதலீட்டை மட்டும். தொழிலாளிக்கு மட்டுமல்ல, உள்ளூர் முதலாளிக்கும் அந்தக் கதவு மூடித்தான் இருந்தது.

#4 · செம்மண்

இவ்வளவு நீட்ட வேண்டியதே இல்லை. இந்த ஒப்பந்தங்கள் காலனி ஆட்சியின் மறு அவதாரம். கிழித்துப்போட வேண்டும்.

பாகிஸ்தானில் ரெக்கோ டிக் என்ற இடத்தில் செம்பும் தங்கமும் இருக்கிறது. சுமார் 22 கோடி டாலர் செலவழித்து ஆய்வு செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு 2011இல் சுரங்க உரிமம் மறுக்கப்பட்டது. 2013இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே மூல ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட்டது. 2019 ஜூலையில் உலக வங்கி மையத்தின் நடுவர்கள் கொடுத்த தீர்ப்பு, வட்டியோடு சேர்த்து 580 கோடி டாலருக்கு மேல். அதே மாதம்தான் ஐஎம்எஃப் பாகிஸ்தானுக்கு 600 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. மூன்று ஆண்டுக்கு மேல் தவணை தவணையாக, ஆயிரம் நிபந்தனையோடு வரப்போகிற கடன், ஒரே ஒரு வழக்குக்கே சரியாகப் போகும். ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு மேலே பெயர் தெரியாத மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், அதற்கு எதற்கு இறையாண்மை என்று பெயர்?

#5 · வழக்காடி

செம்மண், உங்கள் கோபம் புரிகிறது. ரெக்கோ டிக் தீர்ப்பில் எனக்கும் உடன்பாடு இல்லை. 1990இல் இறால் பண்ணை வழக்கின் நடுவர்கள், லாபம் ஈட்டிய வரலாறே இல்லாத தொழிலுக்கு எதிர்கால லாபத்தைக் கணக்குப் போட மாட்டோம் என்று மறுத்தார்கள். அதனால்தான் 80 லட்சம் கேட்ட இடத்தில் 4.6 லட்சம். ரெக்கோ டிக்கில் ஒரு கூடை மண்கூட வெட்டி விற்காத சுரங்கத்துக்கு, பல பத்தாண்டுகள் ஓடியிருந்தால் என்ன லாபம் வந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். இந்த இடைப்பட்ட காலத்தில் நடந்த மாற்றம்தான் ஆபத்து. கடைசியில் 2022இல் சமரசமாகி, சுரங்கத்தில் பாதி, வழக்குப் போட்ட கம்பெனியின் பங்காளியான பாரிக் நிறுவனத்துக்கும் மறுபாதி பாகிஸ்தான் மத்திய அரசுக்கும் பலூசிஸ்தானுக்குமாகப் பிரிந்தது.

ஆனால் நாடுகள் எப்போதும் தோற்கின்றன என்பது சரியில்லை. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் 80 சதவீதம் இருக்க வேண்டும் என்று உருகுவே விதி போட்டது. பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் கம்பெனி 2010இல் வழக்குப் போட்டது. 2016இல் உருகுவே ஜெயித்தது. வழக்குச் செலவுக்கு 70 லட்சம் டாலரை அந்தக் கம்பெனிதான் உருகுவேக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் பெட்டியில் பிராண்டு அடையாளமே கூடாது என்று சட்டம் வருகிற நேரத்தில், அதே கம்பெனி தன் பங்குகளை ஹாங்காங் கிளைக்கு மாற்றி, அந்த ஒப்பந்தத்தின் கீழ் வழக்குப் போட்டது. இது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது என்று 2015 டிசம்பரில் தள்ளுபடி செய்தார்கள்.

இன்னொன்று, நம் வீட்டுக் குப்பையையும் பார்க்க வேண்டும். ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி கோல் இந்தியாவுக்கு எதிராக 2002இல் ஒரு நடுவர் தீர்ப்பு வாங்கியது. அதை நிறைவேற்றித் தரச் சொல்லி நம் நீதிமன்றங்களில் ஒன்பது வருஷம் காத்திருந்தது. வாய்தா மேல் வாய்தா. கடைசியில் 2011இல் இந்திய அரசுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. காரணம், உரிமையை நிலைநாட்டத் தகுந்த வழியை இந்தியா தரவில்லை என்பது. நம் நீதிமன்ற வாசலில் தவம் கிடக்கிற எவருக்கும் இது அநியாயத் தீர்ப்பு என்று சொல்ல வாய் வராது.

#6 · ஒரகடத்தான்

நான் சட்டம் படித்தவன் இல்லை. ஒரகடம் பக்கம் உதிரிபாகம் செய்கிற சின்ன யூனிட் ஒன்றில் பதினான்கு வருஷமாக வேலை.

நிசான் கேஸ் நம் ஊரில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2008இல் தமிழ்நாடு அரசோடு போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தப்படி வரவேண்டிய ஊக்கத்தொகை முழுதாக வரவில்லை என்று, இந்தியா ஜப்பான் பொருளாதார ஒப்பந்தத்தைக் காட்டி 2017இல் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். சேதத்தையும் சேர்த்து 5,000 கோடி ரூபாய் கேட்டார்கள். 2020இல் சமரசத்தில் முடிந்தது. வாக்குக் கொடுத்தது தமிழ்நாடு. ஆனால் பிரதிவாதி இந்திய அரசு. சென்னையில் போட்ட கையெழுத்துக்கு டெல்லி போய் நிற்க வேண்டியதாயிற்று.

வாக்குக் கொடுத்தால் கொடுக்கணும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. என் ஆதங்கம் வேறு. எங்கள் முதலாளிக்கு ஒரு அரசுத் துறையிலிருந்து பில் பணம் வரவேண்டியிருந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் எங்களுக்கு அது பெரிசு. மூன்று வருஷம் நடந்தார். இரண்டு தீபாவளிக்குப் போனஸ் இல்லை. ஒரு நாள் நான் அவரோடு போயிருந்தேன். அந்த அலுவலகத்தில் எங்களை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை. பங்கு வைத்திருந்தவருக்குத் திறந்த கதவு கூலிக்கு நின்றவருக்குத் திறக்கவில்லை என்று படுவான்கரையான் சொன்னதைப் படித்ததும் அந்த வராண்டாதான் கண் முன்னால் வந்தது.

#7 · எழுவான்கரை

படுவான்கரையான், ஒரு திருத்தம். அந்தச் சம்பவத்துக்கு ஜனாதிபதி ஆணைக்குழு போட்டு விசாரித்தார்கள்தானே? எங்கட பக்கத்துப் பெரியவர்கள் அப்படிக் கதைத்ததாக ஞாபகம். கதவே இல்லை என்று சொல்லலாமோ?

#8 · படுவான்கரையான்

தம்பி, அது 1991 ஜூன். அதுவும் மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்பதால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஆணைக்குழு வந்தது இரண்டாவது சம்பவத்துக்கு. ஒரே ஊருக்கு நாலு வருடத்தில் இரண்டு முறை.

ஒரகடத்தான் அண்ணை, அந்த வராண்டாவை எழுதியதற்கு நன்றி. நான் சொல்ல வந்ததை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள்.

செம்மண்ணுக்கு நான் சொல்ல நினைப்பது நீளமானது. வொஷிங்டனின் மூன்று நடுவர்கள் வந்து இறைமையைப் பறித்துவிட்டார்கள் என்று நீங்கள் பார்க்கிறீர்கள். இலங்கையின் கதையைப் பார்த்தால் அது பறிக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. அரசே எழுதிக் கொடுத்தது. 1978 அரசியலமைப்பில் 157ஆம் உறுப்புரை என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கிற ஓர் உடன்படிக்கையைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் ஏற்றுக்கொண்டால், அது நாட்டில் சட்டத்துக்குச் சமம். தேசிய பாதுகாப்புக் காரணம் தவிர, அதற்கு முரணாக எந்தச் சட்டமும் ஆக்கக்கூடாது, நிருவாக நடவடிக்கையும் எடுக்கக்கூடாது. யோசித்துப் பாருங்கள். நாளைக்கு வரப்போகிற பாராளுமன்றத்தின் கையையும் சேர்த்துக் கட்டிவைக்கிற உறுப்புரை அது.

இப்போது மற்றப் பக்கம். 1997இல் இலங்கை, குடியியல் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் சேர்ந்தது. உள்நாட்டில் நியாயம் கிடைக்காத தனி ஆள் ஐநாவின் மனித உரிமைக் குழுவுக்கு முறையிடலாம் என்பது அதன் பொருள். சிங்கராசா என்ற தமிழர், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், அவருக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து 50 வருடத் தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. அவர் ஐநா குழுவுக்கு முறையிட்டார். நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று 2004இல் குழு சொன்னது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இலங்கை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். (இந்தியாவில் நீங்கள் உச்ச நீதிமன்றம் என்பதைத்தான் நாங்கள் உயர் நீதிமன்றம் என்கிறோம்.) 2006 செப்டெம்பரில் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? மக்களின் இறைமையின் ஒரு பகுதியான நீதித்துறை அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுக்க ஜனாதிபதிக்கு உரிமை இல்லை, ஆகவே அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண். மனு தள்ளுபடி.

ஒரே அரசியலமைப்பு. ஹொங்கொங் கொம்பனி கதவைத் தட்டினால் 157 திறந்துவிடுகிறது. சிறையில் இருக்கிற தனி ஆள் தட்டினால் இறைமை வந்து தாழ்ப்பாள் போடுகிறது. எனக்கு இது சட்ட நுணுக்கமாகத் தெரியவில்லை, அநியாயமாகத் தெரிகிறது.

#9 · தெற்குவாசல்

இரண்டு தடவை படித்தேன் அண்ணே. அந்த 2006 தீர்ப்பு தலையில் அடித்த மாதிரி இருக்கிறது.

வழக்காடி சார், இந்தியாவில் எப்படி? நம்மில் ஒருத்தர் ஐநா குழுவுக்குப் போக முடியுமா?

#10 · வழக்காடி

முடியாது. மூல உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. தனி ஆள் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் சேரவே இல்லை. இலங்கை கதவை வைத்துவிட்டுப் பூட்டியது. நாம் கதவே வைக்கவில்லை.

முதலீட்டு ஒப்பந்தம் எப்படிப் போடப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரிவதில்லை. நம் அரசியல் சாசனப்படி சர்வதேச ஒப்பந்தம் போட மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் போதும். நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு கட்டாயம் இல்லை. அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் தேவைப்பட்டால், பிரிவு 253இன் கீழ் மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம். நிலம், தண்ணீர் எல்லாம் மாநிலத்தின் கையில். அவற்றைத் தொடுகிற வாக்குறுதியை டெல்லி கொடுக்கும், சென்னையைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரகடத்தான் சொன்ன கதையின் மறுபக்கம் இது. இலங்கையின் 157இல் ஆயிரம் குறை இருந்தாலும், மூன்றில் இரண்டு பங்கு வாக்காவது கேட்கிறது.

ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் தோல்விக்குப் பிறகு டெல்லிக்கு உறைத்தது. அடுத்தடுத்து வோடஃபோன் என்ற தொலைபேசிக் கம்பெனி, கெய்ர்ன் என்ற எண்ணெய்க் கம்பெனி என்று வரி வழக்குகள். 2012இல் முன்தேதியிட்டு வரிச் சட்டத்தைத் திருத்தியதால் வந்த வினை. 2020இல் இரண்டிலும் இந்தியா தோற்றது. கெய்ர்ன் தன் தொகையை வசூலிக்க, பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான கட்டடங்களை முடக்க பிரெஞ்சு நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கியது. 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த முன்தேதி வரியையே விலக்கிக்கொண்டது. இதற்கிடையில் 2015 இறுதியில் இந்தியா ஒரு புதிய மாதிரி ஒப்பந்தத்தை எழுதி, பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. புதிய மாதிரியில் முதலில் இந்திய நீதிமன்றங்களில் ஐந்து வருஷம் முயன்ற பிறகுதான் வெளியே போகலாம். 2024இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு போட்டதில் அது மூன்று வருஷமாகக் குறைந்திருக்கிறது.

#11 · செம்மண்

அப்படியானால் ரத்து செய்தது சரிதானே. பிரேசிலைப் பாருங்கள், தொண்ணூறுகளில் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களை அவர்கள் காங்கிரஸ் அங்கீகரிக்கவே இல்லை, அங்கே முதலீடு வராமலா போய்விட்டது? தென்னாப்பிரிக்காவும் பழைய ஐரோப்பிய ஒப்பந்தங்களை முறித்துக்கொண்டு சொந்தச் சட்டம் கொண்டுவந்தது. 2024 ஏப்ரலில் ஈக்வடார் மக்களிடம் சர்வதேச நடுவர் முறையை ஏற்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்றுதான் பெரும்பான்மை சொன்னது.

படுவான்கரையானிடம் மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். முதலாளிக்கு இருக்கிற கதவை மக்களுக்கும் திறக்க வேண்டும் என்கிறீர்கள். திறந்தால் உள்ளே வருவது யார்? மனித உரிமை என்று சொல்லிக்கொண்டு வல்லரசுகள்தான் வரும். ஈராக்கில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சின்ன நாடுகளைக் கூண்டில் ஏற்றுவார்கள், அவர்கள் ஏற மாட்டார்கள். எனக்கு அந்தப் பயம் உண்மையானது.

#12 · படுவான்கரையான்

அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். ஜெனீவாவில் இலங்கை பற்றித் தீர்மானம் வருகிற ஒவ்வொரு முறையும் எந்த நாடு எதற்காகக் கை தூக்குகிறது என்று பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது. எங்கள் சாவு பலருக்குப் பேரம் பேசுகிற பொருள்.

ஆனால் ஈராக்கில் நடந்தது நாடு நாட்டுக்குள் படையோடு நுழைந்தது. நான் கேட்பது அது இல்லை. பாதிக்கப்பட்ட ஆள் தன் கையெழுத்தோடு, தன் பெயரில், ஓர் அரசின் மேல் முறையிடுகிற உரிமை. எந்த வல்லரசின் தயவும் அதற்குத் தேவைப்படக்கூடாது. ஹொங்கொங் கொம்பனி பிரித்தானியாவிடம் போய்க் கெஞ்சவில்லையே. தானே வழக்குப் போட்டது. வல்லரசு நுழையும் என்ற பயம் முதலீட்டுக் கதவைத் திறக்கும்போது மட்டும் ஏன் ஒருவருக்கும் வருவதில்லை?

இன்னொரு வழக்கும் சொல்கிறேன். 2008இல் எண்ணெய் விலை சரிந்தபோது, விலை ஏறினால் நட்டம் வராமலிருக்கச் செய்த விலைக் காப்பு ஒப்பந்தம் ஒன்றால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வங்கிகளுக்குப் பெருந்தொகை கட்டவேண்டி வந்தது. உயர் நீதிமன்றம் பணம் கொடுப்பதை இடைநிறுத்தியது. மத்திய வங்கியும் தடுத்தது. டொய்ச் வங்கி அதே வொஷிங்டன் மையத்துக்குப் போய் 2012இல் 60 மில்லியன் டொலர் தீர்ப்பு வாங்கியது. 2006இல் ஐநா குழுவின் முடிவை ஏற்க முடியாது என்ற அதே உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவும் சேர்ந்துதான் அங்கே கேள்விக்குள்ளானது.

#13 · வழக்காடி

அவர்கள் கூண்டில் ஏற மாட்டார்கள் என்று செம்மண் சொன்னதற்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு உதாரணம் இருக்கிறது. போபால். 1984 டிசம்பர் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர்கள் சார்பாக இந்திய அரசு நியூயார்க் நீதிமன்றத்தில் யூனியன் கார்பைடு மீது வழக்குப் போட்டது. நம் நீதிமன்றங்களால் இவ்வளவு பெரிய வழக்கைத் தாங்க முடியாது என்று இந்திய அரசே அங்கே வாதாடியது. முடியும், இந்தியாவுக்கே போங்கள் என்று 1986இல் நியூயார்க் நீதிபதி அனுப்பிவிட்டார். இந்திய நீதித்துறையின் மேல் நம்பிக்கை வைத்து, அதன் சுயமரியாதையைக் காரணம் காட்டிச் சொன்ன தீர்ப்பு. 1989இல் 47 கோடி டாலரில் சமரசம். அந்தத் தொகை எத்தனை குடும்பங்களுக்குப் பங்கானது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஒயிட் இண்டஸ்ட்ரீஸை இதன் பக்கத்தில் வையுங்கள். கம்பெனி ஒன்பது வருஷம் காத்திருந்தது என்பது வெளியே போகக் காரணம் ஆனது. போபால்காரர்களுக்கு உள்ளேயே இருங்கள் என்பதுதான் பதில்.

மாற்ற முயற்சி நடக்காமல் இல்லை. 2014 ஜூனில் ஐநா மனித உரிமைப் பேரவையில், பன்னாட்டு நிறுவனங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஒரு உடன்படிக்கையை எழுதக் குழு அமைக்க ஈக்வடாரும் தென்னாப்பிரிக்காவும் தீர்மானம் கொண்டுவந்தன. ஆதரவு 20, எதிர்ப்பு 14, நடுநிலை 13. இந்தியா ஆதரித்தது. அமெரிக்காவும் பேரவையில் இருந்த ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் எதிர்த்தன. வருஷா வருஷம் ஜெனீவாவில் கூடி வரைவு திருத்துகிறார்கள். பத்து வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் வரைவுதான். 1959இல் ஜெர்மனியும் பாகிஸ்தானும் தொடங்கிவைத்த ஒப்பந்த வகை, ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது.

#14 · ஒரகடத்தான்

எனக்கு ஒரு சின்ன யோசனை. ஒப்பந்தத்தையே கிழிப்பதா வைப்பதா என்று பெரியவர்கள் பேசட்டும். ஒப்பந்தத்தைக் காட்டி ஒரு கம்பெனி வெளியே போனால், அதே சம்பவத்தில் பாதிக்கப்பட்ட உள்ளூர் ஆட்களும் அதே வழக்கில் பங்காளிகளாகச் சேரலாம் என்று ஒரு வரி எழுதினால் என்ன? இறால் பண்ணை வழக்கில் கம்பெனி ஒரு மேஜையில், செத்தவர்களின் குடும்பம் இன்னொரு மேஜையில். இரண்டு பேருக்கும் ஒரே நடுவர்கள்.

#15 · வழக்காடி

இப்போது இருக்கிற நிலையில், பாதிக்கப்பட்ட மக்கள் எழுத்து மூலம் கருத்துச் சொல்லத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அனுமதிப்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். வழக்குத் தரப்பாக, இழப்பீடு கேட்பவராக உட்கார இடமில்லை. நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியை எந்த நாட்டின் ஒப்பந்த மாதிரியிலும் நான் பார்த்ததில்லை. எழுதப்பட வேண்டிய வரிதான்.

#16 · செம்மண்

ஒரகடத்தான் சொன்ன நிபந்தனையோடு என்றால் நான் கிழிக்கச் சொல்ல மாட்டேன். அந்த வரிக்கு எந்தக் கம்பெனியும் எந்த அரசும் சம்மதிக்காது என்றுதான் நினைக்கிறேன். சம்மதிக்கவில்லை என்றால் அப்போது கிழிப்போம்.

படுவான்கரையான், அந்த 1990 தீர்ப்பு தமிழில் இருக்கிறதா? என் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

#17 · படுவான்கரையான்

நான் தமிழில் பார்த்ததில்லை. செம்மண் அண்ணை, நீங்கள் கேட்டதும்தான் உறைக்கிறது, இத்தனை வருடமாக நான் இதை ஆங்கிலத்தில் வாசித்து வாசித்து எனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறேன்.

நீளமான தீர்ப்பு. முழுவதையும் என்னால் உடனே செய்ய முடியாது. அரசு பேசிப் பார்த்திருக்கலாம் என்று நடுவர்கள் சொல்கிற பகுதியையும், மாறுபட்ட மூன்றாவது நடுவரின் குறிப்பையும் முதலில் மொழிபெயர்க்கிறேன். வழக்காடி, சட்டச் சொற்களை நீங்கள் பார்த்துத் திருத்துவீர்களா? நடுவர் மன்றம், நடுத்தீர்ப்பு மன்றம் என்று இரண்டு நாட்டு வழக்கும் கலந்து வரும்.

#18 · வழக்காடி

அனுப்புங்கள். இரண்டு சொல்லையும் வைத்துக்கொள்வோம். 157ஆம் உறுப்புரையையும் சேர்த்து அனுப்புங்கள், அதைத்தான் முதலில் போட வேண்டும்.

#19 · எழுவான்கரை

நான் தட்டச்சு செய்து தருகிறேன். ஜனவரி 28க்கு மகிழடித்தீவு நினைவுத்தூபியடியில் ஆக்கள் கூடுவார்கள். அதற்குள் முடிந்தால் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

#20 · படுவான்கரையான்

முடிப்போம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முதல் நாலு பக்கத்தை இங்கே போடுகிறேன்.